யூ-2வும் போகுது, குளோபல் ஹாக்கும் போகுது: அப்ப வேவு பார்க்குற வேலையில ஆளில்லா விமானம் ஜெயிச்சதா, தோத்ததா?

#1 வினோத்_வேலூர்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க விமானப்படை யூ-2 வேவு விமானத்தை 2026 நிதியாண்டோட நிறுத்தத் திட்டம் வச்சிருக்கு. 1955-ல முதல்ல பறந்த விமானம் அது. அதுக்கு மாற்றுன்னு கொண்டு வந்த ஆளில்லா குளோபல் ஹாக்கையும் 2027-ல நிறுத்தப் போறாங்களாம். தாத்தாவும் பேரனும் ஒரே சமயத்துல ரிட்டயர் ஆகுற மாதிரி இருக்கு.

பைலட் இல்லைன்னா செலவு குறையும், உயிருக்கு ஆபத்து இல்லை, இனிமே எல்லாமே ட்ரோன்தான்னு இத்தனை வருஷமா படிச்சிட்டு வர்றேன். அப்புறம் ஏன் இப்படி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. விக்கி லிங்க்கை மட்டும் வீசிட்டுப் போயிடாதீங்க.

#2 பனங்காட்டுநரி

மேல ஒரு சீட்டைத் தூக்கினாங்க, கீழ நூறு சீட்டு போட்டாங்க. அவ்ளோதான் மேட்டர்.

#3 இறக்கைமனிதன்

நரி சொன்னது பாதி. மீதியை நான் சொல்றேன், கொஞ்சம் நீளும்.

1991 வளைகுடாப் போர்ல அமெரிக்காகிட்ட படத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் படம் களத்துல இருந்த கமாண்டர் கைக்கு நேரத்துக்கு வந்து சேரலைங்கிறதுதான் போருக்கு அப்புறம் எழுந்த பெரிய புகார். ஒவ்வொரு படையும் தனித்தனியா விமானம், தனித்தனியா தரை நிலையம்னு வச்சிருந்தது. ஒருத்தர் அனுப்புறதை இன்னொருத்தர் கருவி வாங்காது. போதாக்குறைக்கு 1990-லயே எஸ்ஆர்-71 வேவு விமானத்தை ஓரம் கட்டியிருந்தாங்க.

இதைச் சரிக்கட்ட 1993-ல பென்டகன் ஒரு தனி அலுவலகம் திறந்தது. சுருக்கமா ‘டாரோ’ன்னு சொல்வாங்க. ஆள் ஓட்டுற வேவு விமானம், ஆளில்லாதது, சென்சார், டேட்டா லிங்க் (பார்த்ததைக் கீழ அனுப்புற இணைப்பு), தரை நிலையம் எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வர்றதுதான் அதோட வேலை. 1998-லயே மூடிட்டாங்க. ஆனா நாம இப்ப பேசுற முக்கால்வாசி விஷயம் அந்த அஞ்சு வருஷத்துல வளர்ந்ததுதான்.

ஆளில்லா பக்கம் மூணு விமானம். முதலாவது பிரிடேட்டர். ஏப்ரஹாம் கரேம்னு இஸ்ரேல்ல இருந்து அமெரிக்கா போன இன்ஜினியர், லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு கராஜ்ல ஆரம்பிச்ச டிசைன்ல இருந்து வந்தது. 1994-ல ஒப்பந்தம், அதே வருஷம் பறந்துச்சு, 1995-ல அல்பேனியாவுல இருந்து கிளம்பி போஸ்னியா மேல வேவு பார்த்துச்சு. இன்னிக்குக்கூட இந்த வேகத்துல ஒரு ராணுவ விமானம் வெளியே வராது.

ரெண்டாவது டார்க்ஸ்டார். ரேடார்ல சிக்காத மாதிரி செஞ்சது. 1996 ஏப்ரல்ல ரெண்டாவது முறை பறக்கக் கிளம்பும்போதே ஓடுபாதையில குதிச்சுக் குதிச்சு மேல எழும்பி விழுந்து நொறுங்கிடுச்சு. 1999 ஜனவரியில திட்டத்தையே இழுத்து மூடினாங்க.

மூணாவது குளோபல் ஹாக். 60,000 அடி, 30 மணி நேரத்துக்கு மேல. 1998 பிப்ரவரி 28-ல முதல்ல பறந்தது. இதுக்கு அவங்க போட்ட நிபந்தனை விலை: 1994 டாலர் மதிப்புல விமானம் ஒண்ணு 1 கோடி டாலருக்குள்ள முடியணும், அந்தக் காசுக்குள்ள என்ன முடியுமோ அதைச் செய்யுங்கன்னாங்க. நல்ல யோசனைதான். ஆனா பறந்து காட்டினதும் விமானப்படை இன்னும் பெரிய இறக்கை, இன்னும் கனமான சென்சார்னு கேட்க ஆரம்பிச்சது. 2013 வாக்குல வளர்ச்சிச் செலவையும் சேர்த்துப் பார்த்தா ஒண்ணு 20 கோடி டாலரைத் தாண்டிடுச்சு. வினோத், உங்க ‘செலவு குறையும்’ அங்கதான் செத்துச்சு.

#4 மதுரைமீனா

இறக்கை சார் 1990-களில் தொடங்குகிறார். ஆளில்லா வேவு அதைவிட மூத்தது. வியட்நாமில் ரயன் 147 என்ற ஜெட் ட்ரோன்கள் 3,400-க்கும் மேற்பட்ட முறை பறந்தன. சி-130 விமானத்தின் இறக்கைக்குக் கீழே கட்டிக் கொண்டுபோய் விடுவார்கள். வேலை முடிந்ததும் பாராசூட் விரியும், ஹெலிகாப்டர் வந்து வானத்திலேயே கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருந்தது ஃபிலிம். அது தரைக்கு வந்து, கழுவி, பார்த்தால்தான் ட்ரோன் எதையாவது படம் எடுத்ததா என்றே தெரியும்.

டி-21 என்ற ட்ரோன் கதை இன்னும் சோகம். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகம். முதலில் எம்-21 விமானத்தின் முதுகில் வைத்து ஏவினார்கள். 1966 ஜூலை 30 அன்று பிரியும்போது தாய் விமானத்தின் மீதே மோதியது. தாய் விமானத்தில் இருந்த இருவரும் வெளியேறினார்கள், ஆனால் ட்ரோனை ஏவும் பொறுப்பில் இருந்த ரே டோரிக் கடலில் மூழ்கி இறந்தார். பிறகு பி-52-லிருந்து ஏவினார்கள். 1969 முதல் 1971 வரை சீனாவின் லோப் நோர் அணுச் சோதனைத் தளத்தை நோக்கி நான்கு முறை அனுப்பியும் ஒரு படம்கூட உருப்படியாகக் கைக்கு வரவில்லை.

ஆளில்லாமல் பறக்க வைப்பது 1960-களிலேயே முடிந்த வேலை. எங்கே இருக்கிறோம் என்று விமானத்துக்குத் தெரிவதும், பார்த்ததைப் பறந்துகொண்டிருக்கும்போதே கீழே அனுப்புவதும்தான் முடியாமல் இருந்தது. ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் தொடர்பும் வந்த பிறகுதான் குளோபல் ஹாக் சாத்தியமானது.

#5 வினோத்_வேலூர்

அக்கா, செம. அப்படின்னா தொழில்நுட்பம் கைக்கு வந்த பிறகும் யூ-2-ஐ ஏன் இருபத்தஞ்சு வருஷம் கூடவே ஓட்டினாங்க?

#6 ரேடார்தாசன்

உயரம், மின்சாரம், எடை. இந்த மூன்றையும் சொன்னால் கேள்வி முடிந்துவிடும்.

70,000 அடியில் பறப்பவனுக்கும் 60,000 அடியில் பறப்பவனுக்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். வேவு விமானம் பெரும்பாலும் எதிரி நாட்டுக்குள் போகாது, எல்லை ஓரமாகப் பறந்து சாய்வாக உள்ளே பார்க்கும். அப்படிப் பார்க்கும்போது ஒவ்வொரு ஆயிரம் அடியும் மலைக்குப் பின்னால் மறைந்த நிலத்தில் கொஞ்சத்தைக் காட்டிக்கொடுக்கும். 60,000 அடியிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். 25,000 அடிக்கு இறங்கினால் 310 ஆகிவிடும். அதுவும் கணக்குக்குத்தான். ஓரத்தில் பார்வை தரையை உரசிக்கொண்டு போகும், ஒரு குன்று குறுக்கே வந்தால் போச்சு.

அடுத்தது சென்சார். யூ-2-இல் ஏசார்ஸ்-2 ரேடார் இருக்கிறது. பறக்கும் பாதை முழுக்க வாங்கிய எதிரொலிகளைக் கணினியில் கோத்து, மிக நீளமான ஒரு ஆன்டெனா வைத்திருப்பது போன்ற நுணுக்கத்தைப் பெறும். மேகம், இருட்டு எதுவும் தடையில்லை. சையர்ஸ் என்ற கேமரா ஒரே காட்சியைப் பல அலைநீளங்களில் எடுக்கும். உருமறைப்பு வலை கண்ணுக்குப் பச்சையாக இருக்கும், அகச்சிவப்பில் மரத்தோடு ஒட்டாது. இதையெல்லாம் ஒன்றாகச் சுமக்க யூ-2-இல் 5,000 பவுண்டு இடம் உண்டு. குளோபல் ஹாக்கில் 3,000.

இன்னொன்று, பலருக்கும் தெரியாது: ஃபிலிம் ரோல் போட்டு எடுக்கும் ஆப்டிக்கல் பார் கேமராவை யூ-2-இல் 2022 வரை வைத்திருந்தார்கள். எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே சினாயைக் கண்காணித்த படங்கள்கூட அந்த வகைதான். டிஜிட்டல் யுகத்தில் ஏன் ஃபிலிம் என்றால், ஒரே ஓட்டத்தில் அவ்வளவு பரப்பை அவ்வளவு நுணுக்கமாக எடுக்க வேறு எதற்கும் நீண்ட காலம் முடியவில்லை.

#7 சார்லி_மாமா

யூ-2 ஓட்டுறவன் படுற பாடு தெரியாம பேசுறீங்கப்பா.

கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சுத்தமான ஆக்சிஜனை மட்டும் சுவாசிக்கணும், ரத்தத்துல இருக்குற நைட்ரஜன் வெளியேறணுமே. விண்வெளி வீரர் மாதிரி அழுத்த உடுப்பு. சாப்பாடு பேஸ்ட் டியூப்ல, ஹெல்மெட்ல இருக்குற துளை வழியா உறிஞ்சணும். பத்து மணி நேரத்துக்கு மேல இப்படியே உட்கார்ந்திருக்கணும். கேபின் அழுத்தமே ரொம்ப காலம் 29,000 அடியில இருக்குற மாதிரிதான் இருந்துச்சு. நிறைய பேருக்கு மூளையில பாதிப்புன்னு தெரிஞ்சப்புறம்தான் மாத்தி அதை 15,000 அடி அளவுக்குக் கொண்டு வந்தாங்க.

மேல போயிட்டா இன்னொரு கூத்து. அங்க காத்து அவ்வளவு மெல்லிசு. கொஞ்சம் வேகம் குறைஞ்சா இறக்கை தூக்காது, கொஞ்சம் கூடினா விமானம் குலுங்கி உடையும். ரெண்டுக்கும் நடுவுல பத்து நாட் (மணிக்கு 18 கிலோமீட்டர்) வேகம்தான் இடைவெளி.

இறக்குறது அதுக்கும் மேல. சக்கரம் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, சைக்கிள் கணக்கா. உடுப்புக்குள்ள இருந்து பைலட்டுக்கு ஓடுபாதை சரியாத் தெரியாது. அதனால இன்னொரு யூ-2 பைலட் ஸ்போர்ட்ஸ் கார் எடுத்துக்கிட்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல பின்னாடியே விரட்டுவான். ரேடியோவுல ‘பத்து அடி, எட்டு, அஞ்சு, ரெண்டு’ன்னு சொல்லிக்கிட்டே வருவான். ரெண்டு அடியில இறக்கை தூக்குறதை நிறுத்த வச்சு, பொத்துன்னு உட்கார வைக்கணும். நின்னதும் ஒரு பக்க இறக்கை தரையில சாஞ்சுடும். ஆளுங்க ஓடி வந்து இன்னொரு முனையில தொங்கி அதை நிமிர்த்தி, சின்ன சக்கரத்தைச் சொருகுவாங்க.

#8 பனங்காட்டுநரி

மாமா, இதைப் படிச்சப்புறம் ‘ஆளே வேணாம்டா சாமி’ன்னுதான் எனக்குத் தோணுது. குளோபல் ஹாக்ல மவுஸைக் கிளிக் பண்ணா அதுவே போய் அதுவே இறங்கும்.

#9 இறக்கைமனிதன்

இறங்கும். இறங்குன அப்புறம் என்ன பண்ணுச்சுன்னு கேளு.

1999 டிசம்பர், எட்வர்ட்ஸ் தளம். மூணாவது குளோபல் ஹாக் ஒழுங்காத் தரையிறங்கி, ஓடுபாதையில இருந்து ஒதுங்கிப் போகணும். பயணத் திட்டத்துல அந்த இடத்துக்கு விழுந்திருந்த டாக்ஸி வேகம் 155 நாட். ஒரு மனுஷன் சீட்ல இருந்தா சிரிச்சிட்டு பிரேக்கை மிதிச்சிருப்பான். அது சொன்னதைச் செஞ்சுச்சு. திருப்பத்துல ஓடுபாதையை விட்டு வெளியே போய் முன் சக்கரம் ஒடிஞ்சு மூக்கு தரையில உரசிடுச்சு.

அதுக்கு ஒன்பது மாசம் முன்னாடி ரெண்டாவது விமானம் இதைவிட அநியாயமாப் போச்சு. அவசரத்துல விமானத்தை அழிக்கிறதுக்குன்னு ஒரு ரேடியோ சிக்னல் வச்சிருப்பாங்க. பக்கத்து நெல்லிஸ் சோதனைத் தளத்துல யாரோ அதே அலைவரிசையில சோதனை பண்ண, இது 41,000 அடியில தனக்குத்தான் கட்டளைன்னு நினைச்சு தானே விழுந்துடுச்சு. விமானத்துல ஒரு குறையும் கிடையாது.

இதுக்காக ஆளில்லாதது மட்டம்னு நான் சொல்லலை. 2001 ஏப்ரல்ல இதே குளோபல் ஹாக் கலிஃபோர்னியாவுல கிளம்பி எங்கயும் நிக்காம ஆஸ்திரேலியாவுல போய் இறங்குச்சு. எந்தப் பைலட்டாலயும் 30 மணி நேரம் விழிச்சிருந்து ஒரே இடத்தைச் சுத்த முடியாது. நான் சொல்றது இதுதான்: பைலட்டை எடுத்தா அவன் மண்டையில இருந்த பொது அறிவை முன்கூட்டியே எழுதி வைக்கணும். எழுத மறந்தது ஒவ்வொண்ணும் விமானத்துக்குத் தெரியாது. அதை எழுதுறதுலயும் சோதிக்கிறதுலயும்தான் காசு கரையுது.

#10 மதுரைமீனா

அரசாங்கத்தின் ஊசலாட்டத்தையும் சொல்லுங்கள், அதுதான் வேடிக்கை. 2012 தொடக்கத்தில் விமானப்படை ‘குளோபல் ஹாக்கின் பிளாக் 30 ரகம் வேண்டாம், யூ-2 போதும், அதுதான் மலிவு’ என்றது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்மதிக்கவில்லை. 2014-இல் ‘ஹாக்கின் பறக்கும் செலவு குறைந்துவிட்டது, யூ-2 வேண்டாம்’ என்று தலைகீழாகப் புரண்டது. மறு வருடம் ‘இப்போதைக்கு இரண்டும் இருக்கட்டும்’. 2016-இல் யூ-2-இன் சையர்ஸ் கேமராவைக் குளோபல் ஹாக்கில் மாட்டிப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். அதற்குள் இருபது வருடம் போய்விட்டது.

தட்பவெப்பம் இன்னொரு தலைவலி. குளோபல் ஹாக்குக்கு இறக்கையில் பனி படிவதைத் தடுக்கும் வசதி இல்லை. குவாம் தீவில் புயல் பருவம் வந்தால் மூட்டை கட்டி ஜப்பானின் மிசாவா தளத்துக்குக் கொண்டுபோனார்கள். கடற்படைக்காகச் செய்த குளோபல் ஹாக் ரகமான டிரைட்டனில்தான் பனித் தடுப்பு, வலுவான இறக்கை எல்லாம் வந்தன. கடலில் கப்பலை அடையாளம் காண மேகத்துக்குக் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்.

#11 வினோத்_வேலூர்

சரி, உயிருக்கு ஆபத்து இல்லைங்கிறதாவது உண்மைதானே? பைலட் பிடிபட மாட்டார், அரசியல் சிக்கல் வராது?

#12 ரேடார்தாசன்

பைலட்டுக்கு ஆபத்து இல்லை என்பது உண்மை. சிக்கல் வராது என்பது இல்லை.

1960 மே 1 அன்று சோவியத் எஸ்-75 ஏவுகணையில் யூ-2 விழுந்தது. பைலட் கேரி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டார், பாரிஸ் உச்சி மாநாடு கவிழ்ந்தது. 1962 அக்டோபர் 27 அன்று கியூபா மேல் யூ-2 பைலட் ருடால்ஃப் ஆண்டர்சன் கொல்லப்பட்டார், உலகம் அணு யுத்தத்தின் விளிம்புக்குப் போனது. 2019 ஜூன் 20 அன்று ஹோர்முஸ் நீரிணை அருகே ஈரான் குளோபல் ஹாக் வகை விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. உள்ளே ஆள் இல்லை. பதிலடி கொடுக்கத் தயாராகி, கடைசி நேரத்தில் நிறுத்தியதாக டிரம்பே சொன்னார், 150 பேர் வரை சாவார்கள் என்று கணக்குச் சொன்னார்களாம். ஆளில்லாததால் பின்வாங்க ஒரு வழி இருந்தது, அவ்வளவுதான்.

மெதுவாக, உயரத்தில், நேர்கோட்டில் பறப்பவை இரண்டும். நவீன வான்காப்பு ஏவுகணை முன்னால் இரண்டுமே இலக்குதான். அதனால்தான் இரண்டையும் ஒரே சமயத்தில் ஓய்வு பெற வைக்கிறார்கள். பாதி வேலையைச் செயற்கைக்கோளுக்கு மாற்றுவதுதான் அவர்கள் திட்டம்.

#13 அரக்கோணம்_அருள்

அமெரிக்காவையே பேசிட்டிருக்கீங்க. எங்க ஊருக்கு வாங்க. ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளத்துல ரெண்டு வகையும் ஒரே ஓடுபாதையில கிடக்குது. ஆள் ஓட்டுற பி-8ஐ 2013-ல இருந்து. ஆளில்லாத எம்க்யூ-9பி 2020 நவம்பர்ல இருந்து, ரெண்டு, குத்தகைக்கு.

பி-8ஐ கடலுக்குன்னு வாங்குனது. 2017 டோக்லாம், 2020 லடாக் மோதல் சமயத்துல மலை மேல அனுப்பி நிலத்தை வேவு பார்க்க வச்சாங்க. உள்ள ஆபரேட்டருங்க உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கிட்டே ‘இந்தப் பக்கம் திருப்பு’ன்னு சொல்லலாம், நடுவுல செயற்கைக்கோள் எதுவும் வேணாம்.

எம்க்யூ-9பி ஒண்ணு 2024 செப்டம்பர் 18-ல தொழில்நுட்பக் கோளாறாகி வங்காள விரிகுடாவுல இறக்க வேண்டியதாப் போச்சு. யாருக்கும் காயம் இல்லை. அடுத்த மாசமே 31 எம்க்யூ-9பி வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் எட்டு எட்டு.

நம்ம சொந்த முயற்சி தபஸ் ட்ரோன் பத்தியும் சொல்லணும். டிஆர்டிஓ-வோட பெங்களூர் ஆய்வகம் ஏடிஇ செஞ்சது, 2016-ல சித்ரதுர்கா பக்கம் முதல்ல பறந்துச்சு. 30,000 அடி, 24 மணி நேரம்னு கேட்டாங்க. 28,000 அடி, 18 மணி நேரம் வந்துச்சு. படைங்க வேணாம்னுட்டாங்க. எனக்கு இதுல வருத்தம் உண்டு. குளோபல் ஹாக் ரெண்டு விபத்துக்கு அப்புறமும் காசு வந்துக்கிட்டே இருந்துச்சுன்னு மேல படிச்சேன்ல.

#14 மதுரைமீனா

அருள் தம்பி, யூ-2-க்கும் இந்தியாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1962 போருக்குப் பிறகு சீன எல்லையைப் படம் எடுக்க யூ-2 பறக்க நேரு அனுமதித்தார். 1964 மே 24 அன்று ஒடிசாவின் சார்பாட்டியா தளத்திலிருந்தே ஒன்று கிளம்பியது. மூன்றே நாளில் நேரு காலமானார், பறப்பதை ஒத்திப்போட்டார்கள். சிஐஏ ரகசியத்தை அவிழ்த்த ஆவணத்தில் இருக்கிறது.

#15 பனங்காட்டுநரி

தபஸுக்கு அழுவுற அருளுக்கு ஒரு கேள்வி. கேட்ட உயரம் வரலைன்னா ராணுவம் ஏன் வாங்கணும்? மலை எல்லையில 2,000 அடி சும்மாவா? தாசன் சார் இப்பதான் சொன்னாரு.

#16 அரக்கோணம்_அருள்

வாங்கச் சொல்லலை நரி. மூடாம இன்னும் நாலு வருஷம் ஓட்டச் சொல்றேன். இன்ஜின் வெளிநாடு, எடை கூடிப்போச்சு, ரெண்டும் தெரிஞ்ச வியாதி. அதுக்கு மேல அதுல செஞ்ச தன்னியக்கத் தரையிறக்கம், டேட்டா லிங்க் எல்லாம் அடுத்த விமானத்துக்கு ஆகும். ஆளுங்க கலைஞ்சு போனா ஆகாது.

#17 இறக்கைமனிதன்

அருள் சொல்றதை நான் வழிமொழியறேன். ஜெர்மனி கதையைப் பாருங்க.

குளோபல் ஹாக் உடம்புல தங்களோட சொந்த ஒட்டுக்கேட்புக் கருவியை மாட்டி ‘யூரோ ஹாக்’னு செஞ்சாங்க. ஒண்ணு பறக்கவும் செஞ்சது. ஆனா ஐரோப்பிய வானத்துல பயணிகள் விமானம் நெருக்கடியா ஓடுது. எதிர்ல வர்றதைத் தானாப் பார்த்து ஒதுங்கத் தெரியாத விமானத்துக்கு அதிகாரிங்க பறக்கத் தகுதிச் சான்று தர மாட்டேன்னுட்டாங்க. பல பத்து கோடி யூரோவைக் கொட்டிட்டு 2013 மே மாசம் கைகழுவினாங்க. நாடாளுமன்றத்துல பெரிய ரகளை.

கருவியை மட்டும் தூக்கிப் போடலை. அதை வளர்த்து, இப்ப பம்பார்டியர் குளோபல் 6000 பிசினஸ் ஜெட்ல மாட்டுறாங்க. ‘பெகாசஸ்’னு பேரு, மூணு விமானம். பைலட் உட்கார்ந்து ஓட்டுறது! அமெரிக்கத் தரைப்படையும் அதே மாதிரி பம்பார்டியர் 6500-ஐ வாங்கி ‘ஹேடிஸ்’னு வேவுக்குத் தயார் பண்ணுது. நல்ல உயரம், நல்ல மின்சாரம், எந்த விமான நிலையத்துலயும் இறங்கலாம், வானத்துல பறக்க யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.

ஆகவே வினோத், ‘ஜெயிச்சதா தோத்ததா’ங்கிற கேள்வியை விமானத்தைப் பார்த்துக் கேட்டா பதில் வராது. சென்சாரும் லிங்க்கும்தான் சொத்து. அது இன்னிக்கு யூ-2-ல இருக்கும், நாளைக்கு ஹாக்ல, மறுநாள் பிசினஸ் ஜெட்ல. டாரோ 1993-ல பிடிச்ச நூல் அதுதான், அதைப் பிடிச்சு முடிக்க விடலை.

#18 ரேடார்தாசன்

லிங்க் என்றதும் ஒன்று. பிரிடேட்டரை அவசரமாகக் களத்துக்கு அனுப்பியதில் வீடியோவைப் பூட்டாமலேயே அனுப்பினார்கள். ஈராக்கில் போராளிகள் 26 டாலர் மென்பொருளை வைத்து அந்த வீடியோவை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது 2009 டிசம்பரில் வெளியே வந்தது. எதிரி தன்னையே நேரடி ஒளிபரப்பில் பார்த்திருக்கிறான். அருள் தபஸின் டேட்டா லிங்க்கைப் பற்றிச் சொன்னாரே, அதைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

#19 வினோத்_வேலூர்

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். நரி முதல்லயே ‘கீழ நூறு சீட்டு’ன்னாரே, அது உண்மையா, சும்மா அடிச்சு விட்டதா?

#20 பனங்காட்டுநரி

உண்மைதான் தம்பி. ஒரு இடத்துக்கு மேல 24 மணி நேரமும் ட்ரோன் நிக்கணும்னா விமானமே மூணு நாலு வேணும். கிளப்பி இறக்குற குழு களத்துக்குப் பக்கத்துல இருக்கணும், ஏன்னா செயற்கைக்கோள் வழியாப் போயிட்டு வர ஒரு செகண்டுக்கு மேல ஆகும், அந்தத் தாமதத்துல கையால இறக்க முடியாது. ஓட்டுற குழு அமெரிக்காவுல ஷிஃப்ட் போட்டு உட்காரும். மெக்கானிக் தனி, லிங்க் பார்க்குறவன் தனி. இதுக்கெல்லாம் மேல வீடியோவைக் கண் கொட்டாமப் பார்த்து ‘இது டிராக்டர், இது லாரி’ன்னு எழுதுற கூட்டம்தான் பாதிக்கு மேல. நூறுன்னு நான் கம்மியாத்தான் சொன்னேன்.